கருப்பசாமி கொடுத்த சிவப்புப் பூ

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி சுமாருக்கு எனக்கு மூச்சு நின்றது. முழுதாக நின்றிருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். ஆனால் நின்றேவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டு கையிலும் எலிக் கூண்டுகள். வெளியே போன மூச்சு உள்ளே திரும்பவில்லை. நெஞ்சுக்குள் யாரோ சாக்கின் வாயைச் சுருக்கிக் கட்டுவது போல இருந்தது. கூண்டுகளைக் கீழே போட்டால் எலிகள் தப்பிவிடும், வேலையிடத்து மேடம் திட்டுவார்கள் என்ற பயம் வேறு. சாகப்போகிறவனுக்கு என்ன கவலை பாருங்கள்.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனை நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அவன் என்னைக் காப்பாற்றினான். ஆனால் நான் கேட்டதைக் கொடுத்துக் காப்பாற்றவில்லை. கேட்டதை மறுத்துக் காப்பாற்றினான். அந்தக் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் சுந்தரபாண்டி. மதுரைக்கு வெளியே, மருந்து ஆராய்ச்சி நடக்கும் ஓர் இடத்தில், விலங்குக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஒப்பந்த வேலை. வெள்ளை எலிகளுக்குத் தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் மாற்றுவது, கூண்டில் அழுக்கான உமியைக் கொட்டிவிட்டுப் புது உமி பரப்புவது. என் கூட வேலை பார்ப்பவன் ராசு. உறவில்லை என்றாலும் எங்களுக்குள் மாப்ள, மாப்ள என்றுதான் பேச்சு. நான் எலிகளுக்குக் காலையில் வருகைப் பதிவு எடுப்பேன். வராத எலிக்கு விடுப்புக் கடிதம் கேட்பேன். ராசு சிரித்துக்கொண்டே உமி அள்ளுவான். இப்படித்தான் காலம் ஓடியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தும்மல் தொடங்கியது. உமி கொட்டும் நேரத்தில் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். மூக்குப்பொடி போடுகிற பழக்கம் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தேன். பிறகு நெஞ்சில் விசில் சத்தம் வந்தது. அதையும் மறைத்தேன். ஏன் மறைத்தேன் என்றால், முன்னொரு சமயம் எங்களோடு இருந்த ஒருவருக்குக் கண் வீங்கி, கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக வந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. யார் அனுப்பினார்கள், அவராகவே நின்றாரா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததை நானே நிரப்பிக்கொண்டேன். நோய் என்று சொன்னால் வேலை போய்விடும். என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். எனக்கோ எலியைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அதனால் டாக்டரிடம் போகவில்லை. போன ஆடியில் நேரே அழகர்கோவிலுக்குப் போனேன். சந்தனம் அப்பி, மாலை தொங்கும், கருப்பனாகவே கும்பிடுகிற அந்த மூடிய கதவின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். மூச்சு நேராகும்வரை தலையிலும் முகத்திலும் கத்தி படாது, நேரானதும் இங்கேயே வந்து முடி இறக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மற்ற சாமிகளிடம் சொன்ன வாக்கு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கருப்பனிடம் சொன்னது அப்படி இல்லை. வழக்கு வம்பில் இருப்பவர்கள் சத்தியம் செய்ய வருகிற வாசல் அது.

தாடி வளர்ந்தது. முதல் மாதம் என் மனைவி செல்வி, நல்லாத்தான் இருக்கு என்றாள். இரண்டாம் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் நேராகவில்லை. தாடி வளர வளர மூச்சு மோசமானது. சாமி என்னைச் சோதிக்கிறது என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமை விரதமும் சேர்த்துக்கொண்டேன். தீபாவளிக்கு நாலு நாள் செல்வியின் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே விசில் சத்தமே இல்லை. கருப்பன் கண் திறந்துவிட்டான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஐந்தாம் நாள் வேலைக்கு வந்து இரண்டாவது கூண்டைக் கொட்டியபோதே விசில் திரும்பி வந்தது. ஊரில் ஆட்டுக்கறி சாப்பிட்டதுதான் குற்றம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எலி என்று ஒன்று இருப்பதே என் மண்டையில் தட்டவில்லை. பத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலை எப்படி ஆகாமல் போகும் என்ற நினைப்பு.

எனக்கு வந்திருப்பது என்ன என்று செல்போனில் தேடினேன். அரை மணி நேரத்தில் எனக்கு நான்கு நோய்கள் இருந்தன. அதில் இரண்டு பெண்களுக்கு மட்டும் வருபவை. அதற்கும் பயந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எந்தப் போட்டோ நன்றாக இருக்கும் என்று பார்த்து, தாடி இல்லாத ஒன்றைத் தனியாக எடுத்துவைத்தேன். கீழே போட வேண்டிய வாசகத்தையும் நானே எழுதினேன். ஊர்க்காரர்கள் எழுதினால் பிழை விடுவார்கள்.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

கூண்டுகள் கையிலிருந்து எப்படிப் போயின என்று தெரியவில்லை. ராசு என்னை இடுப்போடு தூக்கி வெளி வராண்டாவில் உட்காரவைத்தான். மாஸ்க்கைப் பிய்த்து எடுத்தான். கருப்பா, கருப்பா என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. உதடு நீலமாக இருந்ததாக அவன் பிறகு சொன்னான். எங்கள் கூடத்துக் கால்நடை மருத்துவர் மாலதி மேடம் அன்றைக்கு விடுமுறை. ராசுவே ஆட்டோ பிடித்துக் காளவாசல் பக்கம் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். வழி முழுக்க நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்துக்கொள் என்று கையால் சைகை காட்டினேன். அவன் எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று புரிந்துகொண்டான்.

புகை வருகிற மாஸ்க் ஒன்றை முகத்தில் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் சாக்கின் வாய் அவிழ்ந்தது. மார்பு டாக்டர் வந்தார். நிதானமான மனிதர். வீட்டில் நாய், பூனை, புறா ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான், வீட்டில் இல்லை. பிறகு என்ன வேலை என்று கேட்டார்.

"ஆபீஸ்ல சார். ரிஜிஸ்டர் எழுதுறேன்."

ராசு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். டாக்டர் ஆஸ்துமா என்று எழுதி, உறிஞ்சுகிற மருந்து கொடுத்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்து நான் மறுபடி எலி அறைக்குள் நின்றேன். காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று மேடத்திடம் சொல்லச் சொல்லி ராசுவிடம் வாக்கு வாங்கியிருந்தேன்.

அடுத்த வாரம் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒரு சோதனை நடத்தினார்கள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். முன்னால் கண்ணாடித் தாள் வைத்த ஒரு பெரிய உறையைத் தலையில் கவிழ்ப்பார்கள். அதற்குள் கசப்பு மருந்தைத் தூவுவார்கள். கசப்பு தெரியாவிட்டால் மாஸ்க் சரி. நாக்கில் கசந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இவ்வளவு தாடிக்குச் சோதனையே வேண்டியதில்லை, கட்டாயம் ஒழுகும் என்றார்கள் மேடம். ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கெஞ்சி உட்கார்ந்தேன்.

தூவிய மாத்திரத்தில் வேப்பெண்ணெய்ப் பீப்பாய்க்குள் முகத்தை விட்ட மாதிரி இருந்தது. அசையவில்லை. சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். மேடம் உறையைத் தூக்கினார்கள்.

"கசக்குதாண்ணே?"

"இல்ல மேடம்."

"அப்ப ஏண்ணே அழுகுறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். எலியின் மூத்திரம் காய்ந்து உமித் தூசியோடு கலந்து காற்றில் மிதக்கும். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக நினைக்கத் தொடங்கும். பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சுக்குழல் சுருங்கும். மாஸ்க் முகத்தோலோடு ஒட்டி இருந்தால்தான் தடுக்கும். தாடிமேல் உட்கார்ந்த மாஸ்க், இடுக்கு வழியாக எல்லாத் தூசியையும் உள்ளே விடும். உங்களுக்கு மூச்சு ஏதும் வாங்குகிறதா என்று நேராகக் கேட்டார்கள். இல்லை என்றேன். தாடியை எடுத்துவிட்டு வாருங்கள், அதுவரை எலி அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று முடித்தார்கள்.

தாடி வளர்ந்தபோது மூச்சு ஏன் குறைந்தது என்று இப்போது புரிந்துவிட்டது. மூச்சுக்காக வளர்த்த தாடி மூச்சை அடைக்கிறது. தாடியை எடுத்தால் வாக்குத் தவறினவன் ஆவேன். அதுவும் யாரிடம் கொடுத்த வாக்கு. எடுக்காவிட்டால் வேலை இல்லை. மாஸ்க் இல்லாமல் உள்ளே போனால் உயிர் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"சாமி வந்து தாடி வளக்கச் சொல்லி உங்ககிட்ட கேட்டுச்சா? நீங்களாத்தானே போய் வாயக் குடுத்தீக?"

குடுத்தது குடுத்ததுதானே என்றேன்.

"அப்பப் போய் அதுகிட்டயே கேளுங்க. நானும் வாரேன்."

எங்கள் குடும்பத்தில் பூக் கேட்பது வழக்கம். ஒரே மாதிரி இரண்டு காகிதத்தில் ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ வைத்து மடித்து, சாமி முன்னால் போட்டு, சம்பந்தமில்லாத ஒருவரை ஒன்று எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. மார்கழி முதல் ஞாயிறு இருவரும் பஸ் ஏறினோம்.

அன்றைக்கு நல்ல கூட்டம். கோவில் வாசலில் ஒரு குரங்கு என் கையிலிருந்த தேங்காய்ப் பையைப் பிடுங்கப் பார்த்தது. எனக்கு அதோடு போராட மூச்சு இல்லை. செல்விதான் விரட்டினாள். கருப்பன் கதவின் முன்னால் ஓரமாக நின்று, பொட்டலங்களைக் கீழே வைத்தாள். நந்தியாவட்டையும் செவ்வரளியும் மடித்தது அவள்தான். எது எந்தப் பொட்டலம் என்று அவளுக்கே தெரியாதபடி மஞ்சப்பைக்குள் போட்டுக் குலுக்கித்தான் எடுத்தாள்.

கேட்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாடியை எடுத்துவிடவா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கதவைப் பார்த்தபிறகு பாதியை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், நிலத் தகராறில் சத்தியம் செய்ய வந்தவர், கண்ணை மூடி நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் இங்கே நின்று பொய்யை மூடிக்கொண்டு பூக் கேட்கிறேனே.

"சாமி, டாக்டர்கிட்ட ரிஜிஸ்டர் எழுதுறேன்னு பொய் சொல்லிட்டேன். மேடம்கிட்டயும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு மூச்சு நின்னு போச்சு. வீட்டுலயும் சொல்லல. இப்பத் தாடிய எடுத்துரவா?"

செல்வி என் பக்கம் திரும்பியது தெரிந்தது. மயக்கம் என்றுதான் அவளுக்கும் சொல்லியிருந்தேன். என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் இருந்த பயம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மேலூர் அம்மாவிடம் ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுக்கச் சொன்னோம். அவர் காரணம் கேட்கவில்லை. குனிந்தார். இரண்டையும் பார்த்தார். வலது பக்கம் இருந்ததைத் தொட்டு, அதை விட்டுவிட்டு, இடது பக்கம் இருந்ததை எடுத்தார். என் நெஞ்சில் விசில் அடிப்பது எனக்கே கேட்டது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

பிரித்தேன். சிவப்பு.

பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தேன். சோதனைக் கூடத்துப் புத்தி. அதில் வெள்ளை பத்திரமாக இருந்தது. மூன்று தடவை எடுக்கச் சொல்லி, எது இரண்டு தடவை வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாமா என்று செல்வியிடம் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். கைவிட்டுட்டான் செல்வி என்றேன். தாடியையும் எடுக்க விடமாட்டேன் என்கிறான், உள்ளேயும் போக முடியாது, நான் என்ன செய்வேன் என்று குழந்தை மாதிரி அரற்றினேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"உள்ள போகாதீங்க. அம்புட்டுத்தான். சாமி அதத்தான் சொல்லுது."

"வேலை போயிரும்டி."

"போகட்டும். நீங்க போனா நான் எங்க போய்ப் பூக் கேப்பேன்?"

திங்கட்கிழமை அவளே என்னை மார்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் பத்தொன்பது வருடமாக எலிக் கூண்டு கழுவுகிறவன் என்று சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். லீவு நாளில் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தீபாவளிக்கு நாலு நாள் நன்றாக இருந்ததைச் சொன்னேன். ஆட்டுக்கறி விவரத்தையும் சொன்னேன். அவர் சிரித்தார். ஊதிப் பார்க்கும் சிறிய குழாய் ஒன்றைக் கொடுத்து, தினமும் நான்கு வேளை ஊதி, முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வரச் சொன்னார். அதுவரை எலி அறைப் பக்கமே போகக் கூடாது என்றார்.

அப்போது, தாடியை எடுத்துவிட்டு நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு போயிருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்," என்றார். "அந்தத் தைரியத்துல உள்ளயே இருந்திருப்பீங்க. மாஸ்க் ஒரு நாள் விலகும். இந்த அளவுக்கு வந்தப்புறம் அந்த ஒரு நாள் போதும். உங்களுக்கு மருந்தே அந்தக் காத்துல நிக்காம இருக்கிறதுதான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெள்ளைப் பூ வந்திருந்தால் நான் அன்றைக்கே முகம் மழித்து, திங்கட்கிழமை எலி அறையில் நின்றிருப்பேன். டாக்டரிடம் வந்திருக்கவே மாட்டேன். சிவப்பு என் வழியை மறித்தது. செல்வி டாக்டர் மேசை முன்னாலேயே கருப்பனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்து, பரவாயில்லைம்மா என்றார்.

பிறகு மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன். அது டாக்டரிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. மேடம் என்னை உட்காரச் சொன்னார்கள். இது வேலையால் வந்தது, நீங்கள் மறைக்க வேண்டியதே இல்லை அண்ணே, இதை எழுதிக் கொடுக்க வேண்டியது நான் என்றார்கள். எழுதியும் கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து பதில் வர பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. போன் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குள் ஓடுவேன். மகள் வந்து, அப்பா அது கேஸ் புக்கிங் மெசேஜ் என்று கதவைத் தட்டுவாள்.

பதினோராம் நாள் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது, எலி அறை இல்லை என்றார்கள். கட்டடத்துக்கு வெளியே தீவனக் கிடங்கும் பொருள் வரவுப் பதிவும் என் பொறுப்பு. டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சாமி உண்மையாக்கிவிட்டது. இப்போது நிஜமாகவே ரிஜிஸ்டர் எழுதுகிறேன்.

ஆனால் இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சேதி தெரிந்த அன்று மத்தியானம் ராசு கிடங்குக்கு வந்தான். மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் கண்ணு அரிக்குது மாப்ள. ஆறு மாசமா."

எனக்குக் கோபம் வந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், என் உதடு நீலமானதைக் கண்ணால் பார்த்தவன், தன்னுடையதை மறைத்திருக்கிறான். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டு, அவனைக் கையோடு மேடத்திடமும், பிறகு என் டாக்டரிடமும் கூட்டிப்போனேன். அவனுக்கு இன்னும் நெஞ்சில் இறங்கவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். அவனுக்குப் பின்னால் இன்னும் ஒருவர் வந்து சொன்னார். இப்போது உமியைத் திறந்த இடத்தில் கொட்டுவதில்லை. தூசியை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துத்தான் கொட்டுகிறார்கள். எல்லோருக்கும் வருடம் ஒரு முறை மூச்சுப் பரிசோதனை உண்டு. மாஸ்க் சோதனையில் கசப்பு மருந்து தூவும் வேலையை மேடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அழுகிறவர்களை நான் உடனே கண்டுபிடித்துவிடுகிறேன்.

குழாய் முள் மாசி மாதம் முழுக்க நல்ல இடத்தில் நின்றது. உறிஞ்சும் மருந்து இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு மாடி ஏறினால் பேசிக்கொண்டே ஏறுகிறேன். பங்குனியில் அழகர்கோவிலுக்குப் போய், சொன்ன வாக்குப்படி முடி இறக்கினேன். தாடியும் போனது. வாக்கு ஒரு மயிரிழைகூடத் தவறவில்லை. கருப்பன் கதவின் முன்னால் நின்று ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். சாம்பிராணியும் சந்தனமும் முழுதாக உள்ளே போயின. எதுவும் கேட்கவில்லை. நின்றுவிட்டு வந்தேன்.

உங்களுக்கும் ஏதாவது ஒன்று நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும். சாமியிடம் கேளுங்கள். கேட்டதற்கு மாறாக வந்தால் என்னைப் போலப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுங்கள், தப்பில்லை. ஆனால் கைவிட்டுவிட்டான் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவன் மறிக்கிற வழிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று. டாக்டரிடம் போனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கருப்பனுக்கு நாம் சொல்லாமலே தெரியும். டாக்டருக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.